எட்டாம் நாற்காலியின் வேண்டாம்

செவ்வாய், வியாழன், சனி
என் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருகிறது.
நான்கு மணி நேரம்.
நான் எங்கும் போவதில்லை.

துலூத் நகரத்து ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி,
ஏழாம் நாற்காலி என்னுடையது.
திரைக்கு அந்தப் பக்கம், எட்டில்,
ஔனே லாஹ்தி அம்மாள்.
ஜன்னல் அவளுக்கு. ஏரி அவளுக்கு.
கப்பல் வந்தால் ஊதும் சத்தம் மட்டும்
இருவருக்கும் பொது.

வியாழன்களில் பிள்ளைகள் வருவார்கள்,
பள்ளி விட்ட கையோடு.
பனிக்காலணி கழற்றி, கை கழுவி,
தந்திகளையும் மருந்துத் துணியால் துடைத்து,
கழுத்தில் ஆரஞ்சு அட்டை தொங்க.
அவர்களே தொடங்கிய சங்கம்.
பொருளாளர் எமெட்டுக்குப் பதினாறு வயது;
வங்கியில் கையெழுத்துப் போட
அத்தையைக் கூட்டிப்போனானாம்.
கிளாரினெட்டும் அவன்தான்.

இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான்.
இந்த வயதுப் பிள்ளைகள் என்றால்
முதுகுக்குப் பின்னால் ஒரு இரைச்சல், அவ்வளவுதான் தெரியும்.
இவர்கள் முன்னால் வந்து நின்று
வரலாமா என்று கேட்டார்கள்.

சோல்வெய்க் வண்ணப்பெட்டி கொண்டுவருவாள்.
வலக்கையில் ஊசி,
இடக்கையால் நான் வரைந்த வாத்தைப் பார்த்து
உருளைக்கிழங்கு அருமை என்றாள் நர்ஸ்.

பாஹுவா ஷியோங் வயோலா வாசிப்பவள்.
எட்டாம் திரையோரம் நின்று
வாராவாரம் கேட்பாள்:
"வாசிக்கட்டுமா அம்மா?"

"வேண்டாம்."

அந்த வேண்டாமை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.
ஊசியிடம் சொல்ல முடியாதது.
எடை மேடையிடமும்
உப்பில்லாத சூப்பிடமும் சொல்ல முடியாதது.
அத்தனை பெரிய ஏரியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு
நாளுக்கு நான்கே டம்ளர் தண்ணீர் என்றார்களே,
அன்றும் சொல்ல முடியாதது.
எல்லாவற்றுக்கும் கை நீட்டியவள்
இதை மட்டும்
மிட்டாய்போல் வாயில் வைத்திருந்து சொன்னாள்.

"சரிம்மா. அடுத்த வாரம் கேட்கிறேன்."

பிறகு என்னிடம் வருவாள்.
வில்லை எடுக்கமாட்டாள்; திரை துணிதானே.
விரலால் மட்டும் மீட்டுவாள்,
பக்கத்து இலையில் சிந்தாமல் பரிமாறுவதுபோல்.
நடுவில் என் இயந்திரம் கத்தும்.
முதல்நாள் காது சாய்த்துக் கேட்டாள்:
"மயிரிழை சுருதி குறைகிறது."
அதைத் திருத்த முடியாது என்று
தன் தந்தியை இறக்கிக்கொண்டாள்.

மார்ச் கடைசியில் ஒரு வியாழன், அவள் வரவில்லை.
தேர்வு என்றான் எமெட்.
"நான் வாசிக்கட்டுமா?"
"உன்னிடம் சொன்னால் ருசிக்காது, போ."
கொஞ்ச நேரம் கழித்து, திரை வழியாக,
என்னிடமா ஏரியிடமா தெரியாது:
"கேட்டுவிட்டாவது போயிருக்கலாம்."

அடுத்த வாரம் பாஹுவா வந்தாள்.
கேட்டாள்.
அந்தப் பக்கம் பதிலே இல்லை.
நான் இயந்திரத்தின் எண்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஊதியது,
பனி உடைந்தபின் முதல் கப்பல்.
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
தூக்குப்பாலம் அதையே திருப்பிச் சொன்னது.

"வேண்டாம்," என்றாள் ஔனே அம்மாள்.
"உட்கார்."

நாற்காலி இழுபடும் சத்தம்.
பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை, வெகுநேரம்.

அன்று எனக்கு வரவேண்டிய பாட்டு வரவில்லை.
பொறாமைதான், மறைப்பானேன்.
என் இயந்திரம் கத்தியது,
சுருதி சேர்க்க ஆளில்லாமல்.
பொறுக்க முடியாமல் திரையைப் பார்த்துக் கேட்டேன்:
கப்பல் என்ன நிறம்?

"சிவப்பு," என்றது சின்னக் குரல்.

"துரு," என்றது மற்றது.